திறந்து கிடந்த தடம்

என் தாய்மாமாவுக்குத் திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால், சொட்டிக்கொண்டிருக்கும் குழாய்களையெல்லாம் முதலில் இறுக்கி மூடுவார். பிறகுதான் தன் கையைக் கழுவுவார். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் காபித்தூள் டப்பா மூடியில்லாமல் இருப்பது கண்ணில் பட்டால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார். "தொறந்து கெடந்தா நாய் பூந்துருமுங்க" என்பார்.

"காப்பித்தூள் டப்பாக்குள்ள நாய் எப்புடிங்க பூரும்?" என்று அத்தை கேட்பாள்.

"நாயின்னா நாயேதானா?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

சுவீடனுக்கு என்னைப் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். கோத்தன்பர்க்கில் என் வீட்டுக்கு வந்திறங்கியவர் செருப்பைக் கழற்றிய கையோடு எல்லா ஜன்னல்களையும் சாத்தினார். வெளிக்கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்தும் பார்த்தார். ஜன்னலைத் திறந்து வைக்கும் நாளுக்காகவே நீண்ட குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கிற ஊர் அது. எதிர் வீட்டுக்காரர்கள் நாங்கள் ஊரில் இல்லை என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா கோயம்புத்தூரில் திடீரென்று இறந்தபோது நான் சின்னப்பெண். அப்பாவின் கண்கள் பாதி திறந்தபடி இருந்தன. கூடியிருந்த ஒருவருக்கும் தொடத் துணிவில்லை. பொள்ளாச்சியிலிருந்து வந்து சேர்ந்த மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தூங்காத குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் மெல்ல இறக்கி அந்தக் கண்களை மூடினார். பிறகு அம்மாவையும் என்னையும் தன் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பொள்ளாச்சியில் படித்ததும், பொறியியல் படித்ததும், இன்று சுவீடனில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பதும் அவர் போட்ட சோறு. அவரைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராததற்கு அது காரணம். அவர் போன மாசியில் இறந்துபோனார். இப்போதும் நாக்கு தயங்கத்தான் செய்கிறது.

மாமாவின் தென்னந்தோப்புக்கு மேற்கே காலனி. கிழக்கே பஸ் நிறுத்தம், அதைத் தாண்டி காலனிக்காரர்களின் இடுகாடு. தோப்பின் நடுவே ஒரு தடம் போகும். மாமாவின் அப்பா காலத்துக்கும் முன்பிருந்தே காலனி ஆட்கள் அதில்தான் நடந்தார்கள். அந்தத் தடத்தில்தான் செல்வியும் நானும் சேர்ந்து பஸ்ஸுக்குப் போவோம். செல்வி என் வகுப்பு. அவளுடைய அப்பா ரங்கன், என் மாமாவின் தோட்டத்தில் தண்ணீர் கட்டுபவர். எங்கள் பக்கத்தில் வேலைக்காரர்கள் தோட்டத்துக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, ரங்கனும் மாமாவைப் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்.

நான் பதினொன்றாவது படித்த வருடம் கிணற்று மோட்டாரின் வயர் களவு போனது. யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மாமா யாரையும் சந்தேகப்படுவதாகச் சொல்லவில்லை, யாரையும் திட்டவுமில்லை. தடத்தின் இரண்டு முனையிலும் இரும்பு கேட் வைத்துப் பூட்டினார். "தொறந்து கெடந்தா..." என்று ஆரம்பித்தார். அந்த முறை அத்தை ஒன்றும் கேட்கவில்லை. காலனிக்காரர்கள் அதன் பிறகு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி நடந்தார்கள். செல்வியும் சுற்றித்தான் வந்தாள். நான் மட்டும் சாவி வாங்கித் திறந்து, தனியாகத் தடத்தில் போய், பஸ் நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருப்பேன். மூச்சு வாங்க வந்து சேருவாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அந்த ஐப்பசியில், நான் காய்ச்சலோடு வீட்டில் கிடந்த ஒரு நாளில், செல்வியின் அம்மா இறந்துபோனாள். இரண்டு நாளாக விடாத மழை. வாய்க்கால் கரை உளைச் சேறாகிக் கிடந்தது. ஓர் இடத்தில் உடைத்துக்கொண்டும் போயிருந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் வாசலிலிருந்து தெரியும் மேற்குக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ரங்கன் பின்னால் தலை குனிந்து நின்றார். வயதான ஒருவர்தான் கேட்டார்.

"பண்ணாடி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தொறந்து உடுங்க. கரையில கால் வெக்க முடியலீங்க."

மாமா குடையோடு கேட் வரைக்கும் போனார். சாவி மடியில் இருந்தது. எனக்குத் தெரியும். திறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு உட்டா நாளைக்கும் கேப்பீங்க. சுத்திப் போயிருங்க" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஏதோ ஒரு விதத்தில் தாங்கிக்கொண்டிருக்கலாம். பந்தியில் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க' என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். அவர்கள் பாடையைத் திருப்பினார்கள். அப்போதுதான் அதற்குப் பின்னால் செல்வி நிற்பது தெரிந்தது. பள்ளியிலிருந்து கூட்டி வந்திருப்பார்கள் போலிருக்கிறது, சீருடையில் இருந்தாள். நான் வாசல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

மாமா வந்து குடையை மடக்கி, அது முழுசாக மூடவில்லை என்று இன்னொரு தரம் அழுத்தினார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டோம்.

கரையில் பாடை ஒருமுறை சரிந்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். செல்வி சொல்லவில்லை. அவள் பள்ளிக்குத் திரும்பிய நாளிலிருந்து எப்போதும்போல என்னோடு பேசினாள்.

பல வருடம் கழித்து, முழங்கால் வலியால் அம்மா வர முடியாமல் போக, மாமாவும் அத்தையும் மட்டும் கோடைக்கு என்னிடம் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் படகில் ஒரு சின்னத் தீவுக்குக் கூட்டிப் போனேன். ஊரை ஒட்டிய கடலில் அப்படி நிறையத் தீவுகள். நான் போனது காரே இல்லாத தீவு. முன்னால் பெட்டி கட்டிய மூன்று சக்கர மொபெட்டில் கிழவர்கள் காய்கறியையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். மாமாவுக்கு அந்த வண்டி ரொம்பப் பிடித்துப்போனது. "நம்ம தோட்டத்துக்கு இதாட்ட ஒண்ணு இருந்தா ரங்கன் தேங்காயை ஏத்திக்கிட்டுச் சும்மா பறப்பான்" என்றார்.

ஒரு காலத்தில் ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக வந்து, தீவே உப்பும் பீப்பாயுமாக இருந்ததாம். மீன் வராமல் போனதும் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். மீதி ஆண்கள் பெரிய கப்பல்களுக்குப் பாறைகளுக்கிடையே வழி காட்டிப் பிழைத்தார்கள். நான் சொல்லச் சொல்ல மாமா, "தண்ணியும் மீனும் ஒரே மாதிரிதான், நம்பக் கூடாது" என்றார். தெற்குக் கரையில் வழுவழுப்பான கருஞ்சாம்பல் பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு மணல். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்து, "ஐயோ, ஐஸு" என்று கத்திக் கரைக்கு ஓடி வந்தாள். அந்தப் பக்கம் துண்டு மட்டும் கட்டிய இரண்டு கிழவிகள் மரப்படியில் இறங்கி, துண்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவகாசமாக நீந்தப் போனார்கள். மாமா சட்டென்று திரும்பி, வெகுநேரம் ஒரு பாறையை ஆராய்ந்தார்.

மணலிலிருந்து ஒரு நடைபாதை மேலேறுகிறது. பாறையில் பூசிய ஆரஞ்சுப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஈரமான இடங்களில் பலகை போட்டிருப்பார்கள். புதர்ரோஜா வேலிகளை ஒட்டிப் போய், பாதை ஓர் ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்தது. மரக் கதவு, கயிற்று வளையத்தைத் தூக்கினால் திறக்கும். மாமா நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, இது யாரோ ஒருத்தரு பூமியாட்ட இருக்குது."

"ஆமாங்க மாமா."

"கேக்காம எப்புடி உள்ள போறது?"

"இங்க யாரு நெலத்துலயும் யாரு வேண்ணாலும் நடக்கலாமுங்க மாமா. பயிரை மிதிக்கக் கூடாது, வீட்டுக்கு முன்னால போய் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"பட்டாக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?"

பட்டாக்காரி அந்த நேரத்தில்தான் ரப்பர் பூட்ஸும் கையில் வாளியுமாக வந்தாள். மாமா உடனே கை கூப்பினார். தவறு செய்து பிடிபட்டவர் மாதிரி இருந்தது முகம். அவள் சிரித்து என்னிடம் ஏதோ சொன்னாள்.

"என்னங்கறா?"

"நல்லா நடங்க, போறப்ப கதவை மட்டும் மூடிட்டுப் போங்க, ஆடு வெளிய போயிரும்ங்கறாங்க."

மாமாவுக்கு உயிர் வந்தது. நாங்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, வளையத்தை மாட்டி, ஆட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். "நம்மளாட்டப் பொம்பள" என்றார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது.

பட்டியைக் கடந்து மேட்டில் ஒரு பெரிய தட்டையான கல். பக்கத்தில் ஒரு பலகையில் சுவீடிஷ் மொழியில் நாலு பத்தி எழுதியிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் பாதையில் நடந்தவள். அந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். மாமா பக்கத்தில் வந்து நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

பறவைகளைப் பற்றி என்று சொல்லியிருக்கலாம். அத்தைக்குப் பசி, கீழே படகுத்துறையில் வாஃபிள் கடை இருந்தது. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிப்பதுபோல் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இது தீவின் பிணத்தடம். வடக்குக் குடியிருப்பில் யாராவது இறந்தால் தெற்கே இருக்கும் சர்ச்சுக்கு இந்த வழியாகத்தான் தோளில் தூக்கி வருவார்கள். இந்தக் கல்லில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். தடம் பல குடும்பங்களின் நிலத்துக்குள்ளே போகிறது. அந்தக் குடும்பங்களுக்குள் சண்டை உண்டு, முகம் பார்க்காமல் இருந்தவர்கள் உண்டு. ஆனாலும் இந்தத் தடத்தை ஒருவரும் அடைத்ததில்லை.

மாமா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அவருடைய சட்டை படபடத்தது.

"மழையிலயுமா?" என்று கேட்டார்.

"மழை, பனி, எல்லாத்துலயுந்தானுங்க மாமா."

அவர் இரண்டடி நடந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தார். அத்தை பதறினாள்.

"ஏனுங்க, அதுல உக்காராதீங்க. பொணம் வெச்ச கல்லுங்கறாளே!"

அவர் எழுந்திருக்கவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நினைத்ததைச் சாதித்துவிட்டேன் என்ற எண்ணமும், சோறு போட்டவரை ஊர் விட்டு ஊர் கூட்டி வந்து அவமானப்படுத்திவிட்டேன் என்ற எண்ணமும் ஒன்றாக வந்தன. அத்தை வாட்டர் பாட்டிலை நீட்டினாள். குடித்தார். பிறகு கீழே இறங்கி வாஃபிள் தின்றோம். மாமா அன்றைக்கு அதற்கப்புறம் பேசியது, படகில் என்னிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டது மட்டும்தான்.

தேங்காய் வெட்டு இருக்கிறது என்று சொல்லி, குறித்த நாளுக்கு முன்பே ஊருக்குத் திரும்பினார்கள்.

பத்துப் பதினைந்து நாளில் அத்தை போனில் கூப்பிட்டாள். "உன்ற மாமன் என்ன பண்ணுனாருன்னு தெரியுமா கண்ணு? ரெண்டு கேட்டையும் கழட்டித் தண்ணித் தொட்டியோரம் சாச்சுப்போட்டாரு. கேட்டா பேச மாட்டீங்கறாரு. பங்காளிக எல்லாம் 'சுவீடன் போயிட்டு வந்தவரு'ன்னு சிரிக்கறாங்க."

சந்தோஷப்பட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பும் அளவுக்கு எனக்கு வயது குறைவாக இருக்கவில்லை, ஆனாலும் நம்பினேன்.

தடத்தில் ஒருவரும் வரவில்லை. இடைப்பட்ட வருடங்களில் காலனி இளைஞர்கள் மனு மேல் மனு கொடுத்து வாய்க்கால் கரைக்குக் கான்கிரீட் போட வைத்திருந்தார்கள். பைக்கில் போகிறவர்களுக்கு அந்த வழி தூரமில்லை. நடக்கிறவர்களும் அதிலேயே நடந்தார்கள். மாமா சாயங்காலங்களில் தடத்தின் முனையில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். வேலை முடிந்து போகும் ரங்கனிடம், "ரங்கா, இப்புடியே போயிரு, கிட்டத்துல" என்பார்.

"ஆகட்டுங்க பண்ணாடி" என்பார் ரங்கன். சுற்றித்தான் போவார்.

மறுநாளும் மாமா சொல்வார். மறுநாளும் "ஆகட்டுங்க பண்ணாடி." மாட்டேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. தடத்தில் கோரை முளைத்தது. மாமா ஆள் வைத்துச் செதுக்கினார். மறுபடி முளைத்தது.

ரங்கன் இறந்தபோது நான் விடுமுறையில் தோட்டத்தில் இருந்தேன். நல்ல தை மாத வெயில். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "வா கண்ணு" என்றார். அவர் காலனிக்குள் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்களைப் பார்த்ததும் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நாற்காலி போட்டார்கள். மாமா உட்காரவில்லை.

செல்வி வெளியே வந்தாள். பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா அவள் முன்னால் போய் நின்றார்.

"அம்மணி, உங்கப்பன நம்ம தடத்துல கொண்டு போங்க. கேட்டெல்லாம் எடுத்துப்போட்டேன். காலையில ஆள் உட்டுச் செதுக்கியும் வெச்சிருக்குது."

செல்வி என் கையை விட்டாள்.

"வேண்டாமுங்க. எங்கம்மா போன வழியிலயே அப்பாவும் போகட்டுமுங்க."

மாமாவின் வாய் திறந்து திறந்து மூடியது.

"அன்னைக்கு நானு..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கு மழைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் செல்வி.

அவள் குரலில் கோபம் இல்லை. நோயாளியின் உறவினரிடம் 'இனிமேல் நீங்க வெளிய இருங்க' என்று சொல்லும் குரல் அது. மாமா இத்தனை வருடமாக உள்ளே சேர்த்து வைத்திருந்த வார்த்தையை அவள் கேட்டுக்கொள்ள மறுத்துவிட்டாள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

ரங்கனுக்கு மகன் இல்லை. செல்விதான் முன்னால் நடந்தாள். கான்கிரீட் கரை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமாவும் நடந்தார், எல்லோருக்கும் கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு. நான் அவரோடு போனேன். வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. இடுகாட்டுக்குத் திரும்பும் இடத்தில் அவர் நின்றார். வேப்பமரம்கூட இல்லாத வெட்டவெளி.

"உள்ள போலாமா, இங்கயே இருக்கலாமா கண்ணு?" என்றார்.

அங்கேயே நின்றோம். உள்ளே மண் தள்ளும் சத்தம் கேட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டாமல், இறக்கி விட்டபடியே நின்றார்.

முடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சாவுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொருவராக எங்களைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் கை கூப்பினார். செல்வி கடைசியாக வந்தாள். அவளும் பேசாமல்தான் போனாள். அது வழக்கத்துக்காகவா, வேறு எதற்காகவா என்று தெரியாமல் மாமா அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்; கரையில் அவள் உருவம் மறைந்த பிறகும் கூப்பிய கையை இறக்கவில்லை.